ஐயாவை விசாரித்தது யார்? கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோயில் நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். சமூகத்தின் உணர்வுகளைக் கருத்தில் கொண்டு ஞாயிறு தேவார வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகிறது என்று இருக்கிறது. ஐயாவின் பெயர் அதில் இல்லை. காரணமும் இல்லை. ஆனால் ஆடித் திருவிழா மேடையில் ஏற வேண்டாம் என்று அவருக்குப் போனில் சொல்லப்பட்டது ஊருக்கே தெரியும். அந்த வகுப்பை அவரைத் தவிர வேறு யாரும் எடுத்ததில்லை. தாள் யாரைக் குறிக்கிறது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள், கோயிலின் ஆயுள் உறுப்பினர், என் இரண்டு பிள்ளைகளையும் அந்த வகுப்புக்கு அனுப்பியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஏன் பொதுவில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஐயாவைப் பற்றிய பேச்சும் பொதுவில்தானே நடந்தது?

எல்லாம் ஒரு படத்தில் ஆரம்பித்தது. நோன்பு மாதத்தில் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சூராவில் (முஸ்லிம்களின் சிறு தொழுகையிடம்) நோன்பு துறப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள், ஐயா போனார். அங்கே எடுத்த படம் நம் கோயில் வாட்சாப் குரூப்பில் வந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு ஐயா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர். பின்னால் பாஸின் பச்சைப் பதாகையில் பாதி. சாமியையே விற்றுவிட்டார் என்று ஒருவர் கீழே எழுதினார். அப்புறம் சொல்லவே வேண்டாம். எவ்வளவு பணம் வாங்கினார், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறாரா, மதம் மாறிவிட்டாரா என்று ராத்திரி முழுக்க ஓடியது. குரூப்பில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஒருவராவது "பொறுங்கள், அவரிடம் கேட்போம்" என்று எழுதவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, விரலில் பச்சைக்கல் மோதிரம். அது நம் இரும்புக்கடை தவுக்கேயின் (சீன முதலாளியின்) கை. சீனக் கோயில் சார்பில் அவர் வந்திருந்தார். முழுப் படம் அவர் போனில் இருக்கிறது, போய்க் கேட்டதும் காட்டினார். அவருக்கு அந்தப் பக்கம் மாதா கோயில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மேசைக் கோடியில் நீங்கள் எல்லாரும் அறிந்த ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் பூபோர் லம்பூக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை பேரையும் வெட்டி எறிந்துவிட்டு ஐயாவையும் பதாகையையும் மட்டும் யாரோ மிச்சம் வைத்திருக்கிறார்கள். ஐயாவின் தட்டையும் பாருங்கள். மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிளாஸ் தண்ணீர். அவர் சைவம் என்று தெரிந்து சூராவ்காரர்கள் தனியாக வைத்தது அது.

அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கிற தையற்காரியிடம் யாராவது இரண்டாம் தடவை துணி கொடுப்பார்களா? நீங்கள் செய்தது அதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம். அந்தப் பதாகைக்குரிய கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை, போடப் போவதுமில்லை. ஐயாவை மகான் என்றும் சொல்லவில்லை. பிடிவாதக்காரர். காவடி ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு மெட்டு வந்தால் நடுரோட்டிலேயே சத்தம் போடுவார். என் மகள் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பாட்டைப் பற்றி அவருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் சில மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. ஆக, வேண்டியவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு சமயப் பெரியவரை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதுதான் என் கேள்வி. அவர் செய்ததை வைத்தா, பக்கத்தில் நின்றவனின் கட்சியை வைத்தா?

ஐயாவுக்கு இது புதிதும் இல்லை. 2007-ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 30-இல் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள், தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது. நவம்பர் 25-இல் கோலாலம்பூரில், இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. நம் டவுனிலிருந்தும் வேன் போனது. டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து கமுந்திங் தடுப்பு முகாமில் போட்டார்கள். அவர்களுக்காக நம் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கூட்டுப் பிரார்த்தனை நடந்தது. பதிகம் பாடியது ஐயா. கோயிலுக்குள் அரசியலைக் கொண்டுவந்துவிட்டார் என்று அப்போதைய நிர்வாகம் வகுப்புக் கொட்டகையைப் பூட்டியது. பூட்டியவர்களில் பாதிப் பேர் அன்றைய ஆளுங்கட்சிக் கிளையிலும் பதவியில் இருந்தவர்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

பிறகு 2008 மார்ச் 8 வந்தது. சுங்கை சிப்புட்டில், ஆளுங்கூட்டணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலுவே தோற்றார். சிலாங்கூரில் ஆட்சி மாறியது. சித்திரைப் புத்தாண்டுக்குள் கொட்டகையின் பூட்டும் திறந்தது. பூட்டியவர்களிலேயே இரண்டு பேர் வந்து ஐயாவுக்கு மாலை போட்டார்கள், சமுதாயத்தின் மனசாட்சி என்று மைக்கில் சொன்னார்கள். ஐயா அன்றைக்கும் அதே பதிகத்தைத்தான் பாடினார். குரல் கூட மாறவில்லை, கொஞ்சம் சளி பிடித்திருந்தது என்பதைத் தவிர.

அதே தேர்தலில் நம் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் யார்? பாஸ் கட்சி சார்பில் நின்ற டாக்டர் சுல்கிப்ளி அகமட். நம் பையன்கள் நெற்றியில் குங்குமமும் மோட்டாரில் பச்சைக் கொடியுமாகச் சுற்றினார்கள். கிள்ளான் பக்கம், நம் ஓட்டு நிறைய உள்ள கோத்தா ராஜாவிலும் பாஸ் வேட்பாளர் டாக்டர் சித்தி மரியா வென்றார். இன்றைக்கு எந்தப் பதாகையின் பாதியைப் பார்த்து ஐயாவைத் துரோகி என்கிறோமோ, அதே நிறத்தைத் தூக்கிப் பிடித்த டவுன் இது. 2013-இல் அங்கே தோற்ற டாக்டர் சுல்கிப்ளி, 2015-இல் பாஸிலிருந்து பிரிந்தவர்களின் அமானா கட்சி உருவானபோது அதில் சேர்ந்து, 2018-இல் மறுபடி வென்றார். அவர் கட்சி மாறினார், நாமும் அவரோடு மாறினோம். ஓட்டை மாற்றிப் போடுவது நம் உரிமை, அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு எங்கே என்றால், பாஸின் ஆன்மிகத் தலைவர் நிக் அப்துல் அசிஸ் விஷயத்தில். 1990 முதல் 2013 வரை கிளந்தான் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர். அவ்வளவு வருடமும் சொந்தக் கிராமத்து வீட்டிலேயே இருந்தவர். 2008 வாக்கில் நம் ஒட்டுக்கடைகளில் அவரைப் புகழாத நாள் இல்லை. மனிதரென்றால் அவர், நம்மவர்களும் இருக்கிறார்களே என்று, திருநீறு பூசிக்கொண்டே சொன்னார்கள். 2015 பிப்ரவரியில் அவர் காலமானார். அதே ஆண்டு, பாஸும் சேர்ந்திருந்த பக்காத்தான் ராக்யாட் கூட்டணி உடைந்தது. அடுத்த ஆண்டு பாஸ் தலைவர் ஹாடி அவாங் கொண்டுவந்த, ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை அதிகாரத்தைக் கூட்டும் 355 சட்டத் திருத்த மசோதா வந்து நம்மையெல்லாம் கவலைப்பட வைத்தது. அதை எதிர்த்தது சரி, இன்றும் எதிர்ப்பேன். ஆனால் அப்புறம் அதே ஒட்டுக்கடையில், அதே ஆட்கள், நிக் அசிஸ் பெயர் வந்தால் "அவரும் அந்தக் கூட்டம்தானே" என்றார்கள். செத்துப்போன மனிதர் எப்படி மாறுவார்? அவர் வாழ்ந்த வீடு அதே வீடுதான். கூட்டணி மாறியது, மனிதரின் குணம் பற்றிய நம் தீர்ப்பும் கூடவே மாறிவிட்டது.

கட்சி மட்டும் இதைச் செய்வதில்லை. கொள்கையும் செய்யும், பக்தியும் செய்யும். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அப்பா பால்மரம் வெட்டியவர், பெரியார் பக்தர் என்றே சொல்லலாம், அவருக்குப் பக்தர் என்றால் கோபம் வரும். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததைத் தன் அப்பா சொல்லக் கேட்டுவிட்டுத் தானே பினாங்கு துறைமுகத்தில் நின்ற மாதிரி பேசுவார். அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், வெள்ளிக்கிழமை விரதம் தவறியதில்லை. 2004 நவம்பர், தீபாவளி இரவில் காஞ்சி ஜெயேந்திரரை ஒரு கொலை வழக்கில் கைது செய்த செய்தி வந்தது. நிச்சயம் செய்திருப்பார் என்றார் அப்பா. இது சதி, மகாபாவம் என்றார் அம்மா. இருவருக்கும் வழக்கைப் பற்றித் தெரிந்தது பத்திரிகைத் தலைப்பு மட்டும். புதுச்சேரி நீதிமன்றம் அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது 2013 நவம்பரில். கோர்ட்டுக்கு ஒன்பது வருடம் ஆனது, எங்கள் வீட்டில் முறுக்குத் தட்டு காலியாவதற்குள் இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. 2013-இலும் அப்பா மனதை மாற்றிக்கொள்ளவில்லை. எதிர்த் தீர்ப்பு வந்திருந்தால் அம்மாவும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அதே அப்பாதான் இன்னொரு கதையும் சொல்வார். பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் தரப்பில் திருநீறு பூச, அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது. கடவுள் இல்லை என்றவரும் காவி கட்டியவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். யார் எந்தக் கட்சி மேடையில் இருக்கிறார் என்று பார்த்து அல்ல. இந்தக் கதையை நெகிழ்ந்து சொன்ன அப்பா, காஞ்சி விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிப் பேசினார் என்று கேட்டால் பதில் வராது. வீட்டுக்குள் இருந்தால் அது ஒரு சுவையான சண்டை. பதிவு பெற்ற ஒரு கோயில் நிர்வாகம் அப்படி முடிவெடுத்தால் அது அநியாயம்.

தலைவர் அண்ணே, உங்களையே கேட்கிறேன். சென்ற ஆண்டு இந்தியாவிலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வந்தாரே, காவி உடையில். நம் மக்கள் பிரதிநிதியான வைபி கூட்டிவந்தார். வாசலில் பூரணகும்பம் வைத்தோம். பேச்சில் பாதி சமயம். மீதிப் பாதி அந்த நாட்டுத் தேர்தல் அரசியலும், பக்கத்து மதத்துக்காரர்களைப் பற்றி நான் இங்கே எழுதக் கூசுகிற வார்த்தைகளும். மண்டபம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகளும் கைதட்டினார்கள். உண்டியல் சுற்றியது. அந்தக் கணக்கு இன்றுவரை நோட்டீஸ் போர்டுக்கு வரவில்லை. சமூகத்தின் உணர்வு அன்றைக்கு எங்கே போயிருந்தது?

2019 ஆகஸ்டில் கோத்தாபாருவில் இஸ்லாமியப் பிரச்சாரகர் ஜாகிர் நாயக், மலேசிய இந்துக்களின் விசுவாசத்தைக் கேள்வி கேட்டபோது நாம் எப்படிக் கொதித்தோம்! நியாயமான கொதிப்பு. இந்த மண்ணில் காடு திருத்தி, ரப்பர் நட்டு, இங்கேயே புதைந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் செய்தது தப்பு என்றால், நம் மண்டபத்தில் காவி கட்டியவர் செய்ததும் தப்பு. ஒருவரைக் கண்டித்துப் போலீஸ் புகார் கொடுத்தோம், மற்றவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஐயாவுக்குத்தான் கதவு மூடியது.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் கோயில் தோட்டத்து நிலத்தில் எழுந்த கோயில். துரை காலத்தில் ஒதுக்கிய மூலை. தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையில் ஒரு பகுதி போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. லயத்து வீட்டுக்காரர்கள் கலைந்து போனார்கள். கோயிலுக்கு மட்டும் நிலப்பட்டா வரவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ தோட்டக் கோயில்களின் கதை இது. பட்டா இல்லாதவன் யார் வந்தாலும் எழுந்து நிற்கத்தான் வேண்டும். 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல் வந்தபோது இந்த வட்டாரமே எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் நாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தலைவர், ஒவ்வொருவர் வாயிலும் கோயிலுக்கு ஒரு வாக்குறுதி. 2008 பொதுத்தேர்தலுக்குச் சில வாரம் முன்புதான் கூட்டரசுப் பிரதேசத்தில் தைப்பூச விடுமுறையும் அறிவித்தார்கள். விடுமுறை நல்லதுதான், ஆனால் சாமிக்கும் ஓட்டுக்கும் நம் ஊரில் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அது ஒரு அடையாளம். வைபி ஒருவரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நிர்வாகம், அந்த வைபிக்குப் பிடிக்காத படத்தில் தன் ஆள் இருந்தால் பதறும். நிலம் காப்பாற்றப்பட வேண்டும் என்ற உங்கள் கவலை உண்மையானது.

ஆனால் மானியக் கடிதம் கையெழுத்தாகும் சமயத்தில்தான் இந்தப் படம் வந்தது, மறுவாரமே தாள் ஒட்டப்பட்டது என்பதையும் ஊர் கவனித்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். நானே சந்தோஷமாக நாலு பேரிடம் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. நீங்கள் தாள் ஒட்டிய மறுநாளே, ஐயாவின் படத்தைப் போட்டு உண்மையான இந்து சமயத் தலைவர் என்று மலாயிலும் தமிழிலும் ஒரு போஸ்டர் முகநூலில் சுற்றியது. யார் போட்டார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ஐயா அவர்களுக்கும் போன் செய்து எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. ஒரு பக்கம் திட்டுவதற்கு அவர் வேண்டும், இன்னொரு பக்கம் புகழ்வதற்கு வேண்டும். இரண்டு பக்கத்திலும் யாரும் அவர் வீட்டு வாசல் வரை வந்து என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கம்பத்துக் கிராமப் பக்கம் மாட்டிக்கொண்ட நம்மாட்களைப் படகில் கொண்டுவந்தது அந்தச் சூராவின் பையன்கள், அவர்கள் கூப்பிட்டு நான் எப்படிப் போகாமல் இருப்பேன் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தப் படகில் வந்தவர்களில் இரண்டு குடும்பம் உங்கள் குழுவிலேயே இருக்கிறது. அவர்களே பேசட்டும்.

சமயப் பெரியவர்களை வேறு மாதிரி எடைபோட்ட காலமும் இந்த மண்ணில் இருந்தது. ரிஷிகேசத்து சிவானந்தர், சாமியார் ஆவதற்கு முன் 1913-இலிருந்து பத்து வருடம் மலாயாவில் டாக்டர். செரம்பான் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவரிடம் மருந்து வாங்கிய பாட்டாளிகளுக்கு அவர் காவியும் தெரியாது, கட்சியும் தெரியாது, கைராசி மட்டும் தெரியும். பூச்சோங் சுத்த சமாஜத்தை உருவாக்கிய சுவாமி சத்தியானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மதத்தையும் ஒரே கூரையின் கீழ் மதித்தவர். அவர் வழியில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த அன்னை மங்களம் 2023-இல், தன் 97-ஆம் வயதில் காலமானபோது எல்லா இனத்துக்காரர்களும் அழுதார்கள். சத்தியானந்தர் இன்றைக்கு நம் டவுனில் இருந்து, மற்ற மதத்தாரோடு உட்கார்ந்த படம் ஒன்று நம் குரூப்பில் வந்திருந்தால்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏன், வகுப்பில் பிள்ளைகள் படிக்கிற அப்பர் கதையே இதுதானே. சமண மடத்தில் தருமசேனராக இருந்தவர் சைவத்துக்குத் திரும்பினார். அரசன் அந்தப் பக்கம். உடனே சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடல். என்ன குற்றம் செய்தார் என்று அங்கேயும் யாரும் அவரைக் கேட்டதாகக் கதையில் இல்லை. ஐயா இந்த இடத்தைச் சொல்லும்போது பிள்ளைகள் பாயில் முன்னால் நகர்ந்து வருவார்கள். என் மகன் யானை மண்டியிடும் இடத்துக்காகவே வகுப்புக்குப் போனான்.

அந்தக் கொட்டகையை இப்போது போய்ப் பார்த்தீர்களா? பாய்கள் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தபடி இருக்கின்றன. ஐயாவின் கைத்தாளம் மேசை மேல் இருக்கிறது, என் கடையில் தைத்த மஞ்சள் துணி உறைக்குள். ஒரு தாளத்தின் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கும், அதனால் அவர் தட்டும்போது ஒரு ஓசை மட்டும் கொஞ்சம் கட்டையாக வரும். அது கோயில் சொத்தா அவர் சொத்தா என்று தெரியாமல் யாரும் தொடவில்லை போலிருக்கிறது. அவர் சொத்துதான், கொடுத்து அனுப்புங்கள், அல்லது அவரை வரச்சொல்லுங்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மலாய்ப் பள்ளியில் படிக்கிறவர்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அந்தக் கொட்டகையில்தான், தேவாரப் புத்தகத்தை வைத்து. அவர்களுக்கு வேறு வழி என்ன செய்திருக்கிறீர்கள்? ஒன்றுமில்லை. என் தம்பி மகள் என்னிடம் கேட்கிறாள், "அத்தே, சூராவுக்குப் போனால் பாவமா?" உங்கள் தாள் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. தேவாரத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தத் தாளை எடுங்கள், வகுப்பை வரும் ஞாயிறே திறங்கள். விசாரணை நடத்த வேண்டும் என்றால் நடத்துங்கள், ஆனால் விசாரணை முடியும்வரை பிள்ளைகளுக்குத் தண்டனை வேண்டாம். ஐயாமீது குற்றச்சாட்டு இருந்தால் எழுத்தில் கொடுங்கள். நம் கோயில் சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றது, நமக்கு எழுதப்பட்ட சட்டவிதிகள் இருக்கின்றன. எந்த விதியை அவர் மீறினார் என்று சொல்லி, அவரை நேரில் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சொல்வதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். எந்த விதியும் மீறப்படவில்லை என்றால், அதையும் அதே நோட்டீஸ் போர்டில், அதே அளவு தாளில் ஒட்டுங்கள். வெட்டிய படம் வந்த குரூப்பில் தவுக்கேயிடம் இருக்கிற முழுப் படத்தைச் செயலாளரே போடவேண்டும். உறுப்பினர்கள் போட்டால் அது இன்னொரு சண்டையாகும், செயலாளர் போட்டால் அது நிர்வாகத்தின் பேச்சு.

அப்புறம் மேடை விஷயம். அரசியல்வாதியோடு உட்காரக்கூடாது என்பதுதான் விதி என்றால் சரி, எல்லாருக்கும் வையுங்கள். ஐயாவுக்கும், வெளியூரிலிருந்து வரும் சொற்பொழிவாளருக்கும், உங்கள் குழுவில் கட்சிக் கிளைப் பதவி வகிப்பவர்களுக்கும். உட்காரலாம் என்றால் அதுவும் எல்லாருக்கும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மாறாதபடி அதை எழுதி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நம் மண்டபத்தில் மற்ற மதத்தாரை இழித்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், யார் கூட்டிவந்தாலும், மைக்கை நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கு உண்டு என்பதையும் அதில் சேருங்கள். சென்ற ஆண்டு உண்டியல் கணக்கை ஆடித் திருவிழாவுக்கு முன் ஒட்டுங்கள், அதற்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை.

இந்தக் கோரிக்கைகளைப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தாள் என் கடையில் இருக்கிறது. சேருவதாக இருப்பவர்கள் கடை திறந்திருக்கும் நேரத்தில் வந்து போடலாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு அப்புறம் அதைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
கடைவீதித் தையல் கடைக்காரி
ஆயுள் உறுப்பினர்